சிவப்புப் புள்ளி சொல்லும் பாதிச் சாட்சியம்

சுவரில் விழும் லேசர் கோட்டை நம்பி வீடு கட்டுகிறோம். றிவோல்வரின் குழலுக்குள்ளிருந்து புறப்படும் லேசர் புள்ளியை நம்பிக் குறியைத் திருத்துகிறார்கள். அந்த ஒளி பொய் சொல்வதில்லை. ஆனால் அது முழுக்கதையையும் சொல்வதுமில்லை.

கொழும்புப் புறக்கோட்டையில் காலை பத்து மணிக்கு மேல் நிமிர்ந்து நடக்க இடம் கிடைக்காது. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைச் சுவரைக் கடந்தால் இரண்டாம் குறுக்குத் தெருவின் துணிக்கடைகள் வரும். முதலாம் குறுக்குத் தெருவுக்குத் திரும்பினால் மின்சாதனக் கடைகள். சுமைதூக்கும் நாட்டாமிமார் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும்போது நடைபாதையில் நிற்பவர்கள் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டும். அங்கிருந்து பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் இரும்பும் வண்ணமும் குழாயும் ஆணியும் விற்கும் ஹார்ட்வெயார் கடைகள் வரிசையாக நிற்கின்றன.

இந்தக் கடைகளில் லேசர் இன்று சாதாரணச் சரக்கு. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு விளக்கு, தூரம் அளக்கும் கைக்கருவி, என்ஜினின் சூட்டைத் தொடாமல் அளக்கும் கருவி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும் லேசர் லெவல் என்று பல வடிவில் அது கிடைக்கிறது. 1960 மே 16ஆம் திகதி கலிபோர்னியாவின் மலிபு ஆய்வுகூடத்தில் தியடோர் மைமன் ஒரு மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தபோது, அது மேசனாரின் கருவிப் பையில் கிடக்கும் பொருளாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஒரு தலைமுறைக்கு முன் நூலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து அரைநாள் எடுத்த வேலையை இன்று ஒரு பொத்தானை அமுக்கி அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு கருவி இந்தத் தெருக்களில் கிடைப்பதில்லை. அது தேவைப்படுவோரும் மிகச் சிலரே. துப்பாக்கியின் குழல் எங்கே பார்க்கிறது என்பதை ஒரு சிவப்புப் புள்ளியால் காட்டும் சிறு லேசர் அது. குழலின் வாயில் செருகுவது ஒரு வகை, ரவையின் வடிவில் அறைக்குள் போடுவது மற்றொரு வகை. பொலிஸ், படை, விளையாட்டுச் சுடுநர், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்போர் என்று உலகெங்கும் பலர் இதைக் கொண்டு குறிகளைச் சரிபார்க்கிறார்கள். எல்லாத் துப்பாக்கிகளிலும் றிவோல்வரில்தான் இந்தக் கருவி மிகவும் உதவுகிறது. மிகவும் ஏமாற்றுவதும் அதிலேதான். ஏன் என்று புரிந்துகொண்டால், ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் லேசர் லெவல் முதல் நாம் கண்மூடி நம்பும் அளவுக் கருவிகள் அனைத்தையும் எப்படிக் கையாள்வது என்பதும் புரிந்துவிடும்.

கண்ணால் பார்க்க முடியாத குழல்

லேசர் வருவதற்கு முன்பும் குழலையும் குறியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி இருந்தது. றைபிளின் பின்புறத்திலிருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை அசையாமல் கட்டி வைத்து, குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். தூரத்தில் ஒரு வெள்ளை அட்டை குழலின் நடுவில் தெரியும்படி வைத்துவிட்டு, பிறகு குறிவழியாகப் பார்த்து, அதுவும் அதே அட்டையைக் காட்டும்வரை குறியைத் திருத்துவார்கள். பீரங்கிகளுக்கும் இந்த வழிதான்.

றிவோல்வரில் இது நடக்காது. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்கிறது. ஒவ்வோர் அறையும் முறைவைத்துக் குழலுக்கு நேரே வந்து நிற்கிறது. உருளைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் சுவர்போல் நிற்பதால், உருளையைக் கழற்றினாலும் குழலின் பின்புறத்தில் கண்ணை வைக்க வழியில்லை. கண் போக முடியாத இடத்துக்கு ஒளியை அனுப்புவதுதான் லேசரின் பயன்.

செய்முறை எளிமையானது. ரவைகள் முழுவதையும் வெளியே எடுத்து, ஒவ்வோர் அறையும் காலியாக இருப்பதை விரலால் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். றிவோல்வரை மணல்மூட்டையிலோ பிடிகருவியிலோ அசையாமல் வைக்க வேண்டும். பத்து மீற்றர் தூரத்தில் ஒரு வெள்ளை அட்டை. குழல்வாயில் லேசரைச் செருகினால் அட்டையில் சிவப்புப் புள்ளி விழும். இனி, பின்குறியின் பள்ளத்தில் முன்குறி நடுவாகவும் உச்சி சமமாகவும் தெரியும்படி பார்த்து, குறி காட்டும் இடத்துக்கும் புள்ளி விழுந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

இங்கேயே முதல் பொறி இருக்கிறது. குழலின் நடுவும் லேசர் ஒளியின் நடுவும் ஒன்றாக இருக்கின்றனவா? விலை குறைந்த கருவிகளில் ஒளி சற்றே சாய்ந்து புறப்படுவது வழக்கம். இதைக் கண்டுபிடிக்க வேறு கருவி தேவையில்லை. லேசரைக் குழலுக்குள் வைத்தபடியே மெல்லச் சுழற்ற வேண்டும். புள்ளி அதே இடத்தில் நின்றால் லேசர் நேர். புள்ளி ஒரு வட்டம் வரைந்தால் லேசர் கோணல். அப்போதும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த வட்டத்தின் நடுப்புள்ளிதான் குழல் பார்க்கும் இடம். கோணலான கருவியைக்கொண்டே நேரைக் கண்டுபிடிக்கலாம், அது கோணல் என்பது நமக்குத் தெரிந்திருந்தால்.

ரவை வடிவ லேசருக்கு இன்னொரு பண்பு உண்டு. அது குழலுக்குள் உட்காருவதில்லை, உருளையின் அறைக்குள் உட்காருகிறது. ஆகவே அது காட்டுவது அந்த அறையின் போக்கை. ஆறு அறையிலும் முறைவைத்துப் போட்டு, ஆறு புள்ளிகளையும் அட்டையில் குறித்தால், உருளை ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வந்து பூட்டிக்கொள்கிறதா என்பது ஓரளவு தெரியும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், குறியைத் தொடுவதற்கு முன் துப்பாக்கியைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். இயந்திரத்தின் பழுதைக் குறியைத் திருகி மறைக்க முடியாது.

ஒளியின் வழி வேறு, சன்னத்தின் வழி வேறு

லேசர் நேர், குழலும் நேர், உருளையும் சரி என்று வைத்துக்கொள்வோம். குறியைச் சிவப்புப் புள்ளிக்கு நேராகத் திருத்திவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. உண்மையில் இங்கேதான் வேலை கெடத் தொடங்குகிறது.

ஒளிக்கு எடை இல்லை. ரவையிலிருந்து பறக்கும் சன்னத்துக்கு எடை உண்டு. குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. செக்கனுக்கு 250 மீற்றர் வேகத்தில் போகும் சன்னம் 25 மீற்றரைக் கடக்கப் பத்தில் ஒரு செக்கன் எடுக்கும். அதற்குள் அது சுமார் 5 சென்ரிமீற்றர் விழுந்திருக்கும். வேகம் செக்கனுக்கு 200 மீற்றராகக் குறைந்தால் அதே தூரத்தில் விழும் அளவு ஏழரை சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். குறிகள் குழலுக்கு மேலே இருப்பதால், பார்வைக் கோடும் குழலின் கோடும் தொடக்கத்திலேயே ஒன்றல்ல. ஏதோ ஒரு தூரத்தில் சன்னம் பார்வைக் கோட்டைத் தொடும்படிதான் குறி அமைக்கப்படுகிறது. அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் சிறு வேறுபாடு இருந்தே தீரும்.

ஆனால் றிவோல்வரில் புவியீர்ப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் உதைப்பு.

றிவோல்வரின் குழல் கைப்பிடிக்கு நன்றாக மேலே இருக்கிறது. ரவை வெடித்துச் சன்னம் முன்னே ஓடத் தொடங்கியதும் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. உதைப்பு குழலின் உயரத்தில் நிகழ, தாங்கும் கையோ கீழே இருக்கிறது. அதனால் துப்பாக்கியின் முகம் மேல்நோக்கித் திரும்புகிறது. சுட்டபின் கை மேலே எழுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த எழுச்சி, சன்னம் குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. பத்து சென்ரிமீற்றர் நீளக் குழலைச் சன்னம் கடக்க ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவே ஆகும். அந்தச் சிறு பொழுதிலும் குழல் சற்றே நிமிர்ந்துவிடுகிறது.

இதைத் தயாரிப்பாளர்கள் தொடக்கத்திலிருந்தே அறிவார்கள். அதனால்தான் றிவோல்வரின் முன்குறி உயரமாக இருக்கிறது. குறிபார்க்கும்போது குழல் இலக்குக்குச் சற்றுக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்படி அதை அமைக்கிறார்கள். வெடித்ததும் குழல் நிமிரும். நிமிர்ந்த கணத்தில் சன்னம் வெளியேறும். பார்த்த இடத்திலேயே படும்.

லேசர் போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? உதைப்பு இல்லாத, அசையாத துப்பாக்கியின் நிலை தெரியும். அந்த நிலையில் குழல் கீழே பார்க்கிறது. ஆகவே சிவப்புப் புள்ளி குறிக்குக் கீழே விழுகிறது. ஒரு பாகைச் சாய்வு பத்து மீற்றரில் 17 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியாகத் தெரியும் என்பதால், பார்ப்பவருக்கு அது பெரும் பிழையாகத் தோன்றும். ‘குறி தவறியிருக்கிறது’ என்று முடிவுகட்டி, பின்குறியை உயர்த்திப் பார்வைக் கோட்டைப் புள்ளிக்கு இறக்கிவிடுவார். மறுநாள் சுடுதளத்தில் சன்னங்கள் எல்லாம் இலக்குக்கு மேலே போகும். சரியாக இருந்த துப்பாக்கியைக் கெடுத்தது அவர் கை. அதைச் செய்யத் தூண்டியது நேராகத் தெரிந்த ஒளி.

சன்னத்தின் எடையும் இந்தக் கணக்கில் சேரும். எடை கூடிய, வேகம் குறைந்த சன்னம் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். அதனால் குழல் கூடுதலாக நிமிர்ந்தபின்பே அது வெளியேறும். கிட்டத் தூரத்தில் அது உயரத்தில் படும். எடை குறைந்து வேகம் கூடிய சன்னம் தாழ்வாகப் படும். பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் ஆசியக் குடியேற்ற நாடுகளின் பொலிசாரிடையே பரவலாக இருந்த .38 வெப்லி றிவோல்வருக்கு முதலில் வகுக்கப்பட்டது 200 கிறெய்ன், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயச் சன்னம். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் அதற்குப் பதிலாக 178 கிறெய்ன் எடையுள்ள உலோக உறையிட்ட சன்னம் வந்தது. துப்பாக்கி அதேதான், குறியும் அதேதான். சன்னம் மாறினால் படும் இடமும் மாறும். இந்த மாற்றத்தைக் குழலுக்குள் இருக்கும் லேசரால் அறியவே முடியாது.

அப்படியானால் லேசர் வீணா? இல்லை. இடம் வலத்தில் அதன் சாட்சியம் பெரும்பாலும் நம்பத்தக்கது. உதைப்பு துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. குழல் சட்டத்தில் சற்றே முறுகிப் பூட்டப்பட்டு முன்குறி ஒருபக்கம் சாய்ந்திருந்தால், அதை லேசர் உடனே காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பின்குறி மாற்றிய துப்பாக்கியில் முதல் சூடாவது அட்டையில் படுவதற்கு அது உதவும். வீணாகும் ரவைகள் குறையும். மேல் கீழ் விடயத்தில் மட்டும் தீர்ப்பு சுடுதளத்தில்தான்.

அரம் வைத்தபின் அழுது பயனில்லை

திருத்தும் கணக்கு எளிது. விலகிய அளவை முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே 150 மில்லிமீற்றர், இலக்கு 10 மீற்றரில், சன்னங்கள் 5 சென்ரிமீற்றர் இடப்பக்கம் விலகுகின்றன என்றால், குறியை நகர்த்த வேண்டிய அளவு முக்கால் மில்லிமீற்றர் மட்டுமே. சன்னம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்துவதானால் எதிர்ப்பக்கம்.

விளையாட்டுத் துப்பாக்கிகளில் இதற்குத் திருகாணி உண்டு. தவறினால் திரும்பச் சுழற்றிக்கொள்ளலாம். பொலிஸ், தற்காப்பு றிவோல்வர்களில் பல அப்படியல்ல. பின்குறி சட்டத்திலேயே வெட்டப்பட்ட ஒரு பள்ளம். முன்குறி குழலோடு சேர்ந்த இரும்புத் தகடு. 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று வெளியிட்ட, அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ போன்ற சிறு றிவோல்வர்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் சிக்காமல் எடுக்கப்பட வேண்டியவை. துருத்திக்கொண்டு நிற்கும் திருகாணிக் குறிகள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. நிலைக்குறியில் உயரத்தைத் திருத்த ஒரே வழி முன்குறியை அரத்தால் ராவுவது. ராவினால் சன்னம் மேலே படும். கூடுதலாக ராவிவிட்டால் போன இரும்பு திரும்பி வராது.

லேசர் புள்ளி கீழே விழுவதைப் பார்த்துவிட்டு அரத்தை எடுப்பவர் செய்யும் பிழை இதனால்தான் திருத்த முடியாததாகிறது. சன்னம் ஏற்கெனவே படவேண்டிய இடத்தில் பட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி அது. சுட்டுப் பார்க்காமல் அரம் வைக்கக்கூடாது என்பதைப் பழுதுபார்க்கும் தொழிலின் முதல் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சைக் கோபுரத்தில் விழுந்த கருவி

துப்பாக்கிக்கு வெளியே, நேர்கோட்டுப் பார்வையை நம்பி வாழ்ந்தவர்களில் முதலிடம் நில அளவையாளருக்கு. தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவம், கருவியின் பிழையோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்றும் பாடம்.

1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவர் வைத்திருந்த தியோடலைட் என்ற கோணமானி அரைத் தொன் எடை கொண்டது. கோணம் பார்க்கும் வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். இலண்டனில் செய்யப்பட்ட அக்கருவி கடல்வழியே வரும்போது பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீசியஸ் போய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது.

1808இல் தஞ்சைச் சமவெளியில் தூரத்துப் புள்ளிகளைப் பார்க்க உயரமான இடம் வேண்டியிருந்தது. பெரிய கோவிலின் கோபுரத்தில் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் மோதியது. கோணத்தின் உயிரான அந்த வட்டம் நெளிந்துபோனது.

புதியதொன்று இங்கிலாந்திலிருந்து வருவதற்குக் காத்திருந்தால் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கும். லாம்டன் படைக்கலத் துறையின் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, ஆப்பும் திருகும் கொண்டு வட்டத்தை மெல்ல மெல்ல இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவி பின்னரும் பல்லாண்டு உழைத்தது.

அதற்குப் பின் அந்த அளவீடுகளை எப்படி நம்பினார்கள்? தியோடலைட்டில் ஒரு கோணத்தை ஒருமுறை பார்த்து எழுதி எந்த அளவையாளரும் திருப்திப்படுவதில்லை. தொலைநோக்கியைப் புரட்டி மறுமுகத்தாலும் பார்ப்பார். வட்டத்தின் வேறுவேறு பகுதிகளில் வைத்துப் பார்ப்பார். ஒரு முகத்தின் பிழை மறுமுகத்தில் எதிர்த்திசையில் வரும். இரண்டின் சராசரியில் பிழை கரையும். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்து கூட்டிப் பார்ப்பார். சில காத தூரம் போனபின் இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிடுவார். 1800இல் தொடங்கப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களம் வளர்ந்ததும் இதே ஒழுக்கத்தில்தான்.

குழலுக்குள் லேசரைச் சுழற்றி வட்டத்தின் நடுவைப் பார்ப்பதும், தியோடலைட்டைப் புரட்டிச் சராசரி எடுப்பதும் ஒரே அறிவு. கருவியின் பிழையைக் கருவியைக்கொண்டே வெளிக்கொணரும் அறிவு அது.

லேசருக்கு இடமில்லாத சுடுதளம்

உலகின் மிகச் சிறந்த சுடுநர்கள் லேசரை நம்பிப் போட்டியில் இறங்குவதில்லை. அனைத்துலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிகளுக்கு மட்டுமே இடம். தொலைநோக்கி, ஒளிப்புள்ளி, லேசர் எல்லாம் தடை. 10 மீற்றர் எயார் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். 25 மீற்றர் பிஸ்டல் அட்டையில் அது 50 மில்லிமீற்றர். றிவோல்வரும் கலந்துகொள்ளக்கூடிய சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்று இந்த 25 மீற்றர் அட்டையில்தான் நடக்கிறது. 10 மீற்றர் எயார் றைபிளில் பத்துக்கு உரிய இடம் அரை மில்லிமீற்றர் புள்ளி.

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அந்தப் புள்ளியைக் குறிபார்த்து வெண்கலம் வென்றவர் சென்னையில் பிறந்த ககன் நாரங். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனீரோ உலகக்கிண்ணப் போட்டியில் அதே எயார் றைபிளில் தங்கம் வென்றார். இலங்கைக்கு 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் தங்கம் கொண்டுவந்தவர்களும் றைபிள் சுடுநர்களே. புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க என்ற இரு பெண்கள். இவர்கள் எல்லோரும் குறியைத் திருத்திக்கொள்ளும் வழி ஒன்றுதான். அட்டையில் பல தடவை சுட்டு, சன்னங்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்து, அந்தக் குவியலின் நடுவைக் கொண்டு திருகாணியைச் சுழற்றுவார்கள். ஒரு சூட்டை வைத்து யாரும் குறியை அசைப்பதில்லை.

லேசரே தீர்ப்புச் சொல்லும் விளையாட்டும் ஒன்று உண்டு. நவீன ஐந்திறப் போட்டியில் முன்பு எயார் பிஸ்டலால் சுட்டார்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலிருந்து அங்கே லேசர் பிஸ்டல் வந்துவிட்டது. பத்து மீற்றர் தூரத்து இலக்கில் ஒளி விழுந்தால் புள்ளி. அங்கே புவியீர்ப்பு இழுப்பதில்லை, உதைப்பு தூக்குவதில்லை. ஒளி பார்த்த இடமே பட்ட இடம். றிவோல்வருக்குள் லேசரைப் போட்டுவிட்டு அதே நம்பிக்கையை எதிர்பார்ப்பவர், இரண்டு வேறு உலகங்களைக் குழப்பிக்கொள்கிறார்.

துவக்கும் நமது சமூகமும்

இலங்கையில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. வன்னியில் பயிர் காக்க வைத்திருந்த இடியன் துவக்கும், பன்றிக்கு வைத்து மனிதனின் காலைப் பறித்த கட்டுத்துவக்கும், மூன்று தசாப்தப் போரும், இன்று கொழும்பின் வீதிகளில் கேட்கும் வேட்டொலிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஒருவருக்கு றிவோல்வரின் குறியைப் பற்றி ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே.

சட்டம் இங்கே கண்டிப்பானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி எந்தச் சுடுகலனையும் வைத்திருக்க முடியாது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தளரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடும். ஆனால் சட்டப்படி துப்பாக்கி ஏந்தும் பொலிஸ் உத்தியோகத்தரும் வங்கிக் காவலரும் நம்மிடையே, நெரிசலான தெருக்களில்தான் நிற்கிறார்கள். அவர்களின் இடுப்பிலிருக்கும் துப்பாக்கியின் சன்னம் எந்த இடத்தில் படும் என்று அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாவிட்டால், ஆபத்து அருகில் நிற்கும் நமக்கு. குறி சரிபார்த்தல் துப்பாக்கிப் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அது பொதுமக்களின் பாதுகாப்போடும் தொடர்புடையது.

இந்த லேசரைக் கையாள்வோர் கவனத்துக்கு

▪ குழலில் செருகிய லேசரை எடுக்காமல் ரவை போட்டால், அடைபட்ட குழல் வெடித்துச் சுடுபவரையே கொல்லலாம். லேசரை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தபின்பே ரவையைத் தொட வேண்டும்.

▪ சரிபார்ப்பு நடக்கும் இடத்தில் ஒரு ரவைகூட இருக்கக்கூடாது.

▪ ஒளியை நேராகக் கண்ணில் பாய்ச்சக்கூடாது. ஒரு மில்லிவாற்றுக்குக் குறைந்த இரண்டாம் வகுப்பு லேசரில் இமை மூடும் வேகமே காப்பு. அதற்கு மேற்பட்டவை விழித்திரையைச் சுடக்கூடும். கண்ணாடியிலும் பளபளப்பான உலோகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படியே.

▪ இறுதித் திருத்தம் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், வழமையாகப் பயன்படுத்தும் அதே வகை ரவையோடு, பலமுறை சுட்டபின்பே.

மேசனாருக்கும் இதே பாடம்

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஆயிரக்கணக்கானோர் இன்று லேசர் லெவலைக் கையில் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சிறு ஊசல் தொங்கி, தானாக மட்டம் பிடிக்கும் கருவி அது. விலை குறைந்தவற்றில் பத்து மீற்றருக்கு மூன்று மில்லிமீற்றர் வரை விலகல் அனுமதிக்கப்பட்டதாகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும். சாரத்திலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் அந்த ஊசல் எவ்வளவு விலகும் என்று யாரும் சொல்ல முடியாது. விழுந்த பிறகும் கோடு முன்போலவே பளிச்சென்று, நேராக, நம்பிக்கையூட்டும்படி விழும். குளியலறைத் தரையில் நீர் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் ஓடும்போதுதான் பிழை தெரியவரும். அதற்குள் டைல்ஸ் பதித்துச் சீமெந்து இறுகியிருக்கும்.

இதைப் பிடிக்க நில அளவையாளரின் பழைய முறை ஒன்று இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டுக்கும் சரிநடுவில் லெவலை வைத்து, ஒரு சுவரை நோக்கியும் பிறகு அதே உயரத்தில் மறுசுவரை நோக்கித் திருப்பியும் கோடு விழும் இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். கருவி சாய்ந்திருந்தாலும் நடுவில் நிற்பதால் இரு பக்கமும் ஒரே அளவு பிழை வரும். ஆகவே அந்த இரு குறிகளும் ஒன்றுக்கொன்று மட்டம். இப்போது லெவலை ஒரு சுவருக்கு மிக அருகே கொண்டுபோய், அருகிலுள்ள குறிக்குச் சரியாக உயரத்தை அமைத்து, தூரத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். கோடு அங்குள்ள குறியிலேயே விழுந்தால் கருவி நம்பத்தக்கது. விலகி விழுந்தால் அந்த விலகலே கருவியின் பிழை. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பென்சில் கோடு மட்டுமே.

நூலும் தூக்குக்குண்டும் வைத்து வேலை பழகிய தலைமுறைக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகவே இருந்தது. ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தபின், முனைமாற்றி மறுமுறை வைத்துப் பார்ப்பது அவர்களின் கைப்பழக்கம். கருவி தெளிவாகவும் விரைவாகவும் பேசத் தொடங்கியபின் அந்தப் பழக்கம் மறைந்துகொண்டிருக்கிறது. மங்கலான கருவியை மனிதன் இருமுறை பார்த்தான். பளிச்சென்ற கருவியை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்கிறான்.

லேசரைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது விலைமதிப்பற்ற உதவி. ஆனால் 1893 முதல் தொழில் கற்பித்துவரும் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கி, வடக்கிலும் மலையகத்திலும் உள்ள ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையம் வரைக்கும், லேசர் கருவியை மாணவர் கையில் கொடுக்கும் நாளிலேயே அதைச் சோதிக்கும் முறையையும் கொடுக்க வேண்டும். பொலிஸ் பயிற்சியில் துப்பாக்கி கொடுக்கும்போது, குழல் பார்க்கும் இடமும் சன்னம் படும் இடமும் ஏன் ஒன்றல்ல என்பதை அட்டையில் சுட்டுக் காட்ட வேண்டும். பொத்தானை அமுக்கக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். காட்டிய கோட்டை எந்த அளவு நம்பலாம் என்று சோதிக்கத் தெரிந்தவரைத்தான் தொழில் தெரிந்தவர் என்று சொல்ல முடியும்.